ஒரு பிளாக், வேறொரு கிராங்க்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், எங்கள் பக்கத்துக் கடலில் விசைப்படகு ஓடாது. மீன்பிடித் தடைக்காலம். படகுக்காரருக்குக் கை கட்டிய காலம். மண்டபம், பாம்பன், இராமேஸ்வரம் பக்கம் இன்ஜின் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத காலம். வருஷம் முழுக்கத் தள்ளிப்போட்ட வேலையெல்லாம் அந்த இரண்டு மாதத்தில் வந்து குவியும். எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் பிரித்த பிளாக், அதாவது இன்ஜினின் வார்ப்பு உடம்பு, ஒரு பக்கம், கழுவி எண்ணெய் தடவிய கிராங்க், அதாவது அதற்குள் சுற்றும் வளைந்த தண்டு, ஒரு பக்கம் என்று கிடக்கும்.

போன தடைக்காலத்தில் கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி வந்தான். பழைய மாருதி எஸ்டீம் வைத்திருக்கிறான். அதன் இன்ஜினைத் தேற்றி, கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயில் ஒருநாள் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை. தரையில் கிடந்த கிராங்க்குகளைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "அண்ணே, இருக்கிற பிளாக்குல இதைவிடப் பெரிய கிராங்க் ஒன்னு தூக்கிப் போட்டா சி.சி. கூடிடும்லண்ணே?"

கூடும். சி.சி. என்பது இன்ஜினின் கொள்ளளவு, கன சென்டிமீட்டரில் சொல்வது. எவ்வளவு கூடும், உள்ளே போய் உட்காருமா, உட்கார்ந்தால் சுற்றுமா, சுற்றினால் எத்தனை நாள் சுற்றும் என்பவை தனித்தனிக் கேள்விகள். அன்று வேலைக்கு நடுவே அவனுக்கு அரையும் குறையுமாகச் சொன்னேன். இப்போது முழுதாக எழுதுகிறேன். இன்ஜின் பிரித்தே பார்க்காதவருக்கும் புரியும்படி முதலிலிருந்து வருகிறேன்.

கிராங்க் என்றால் என்ன செய்கிறது

சைக்கிள் பெடலை நினைத்துக்கொள்ளுங்கள். நடு அச்சிலிருந்து பெடல் வரை அந்தக் கட்டை சுமார் 17 சென்டிமீட்டர் நீளம். பெடல் உச்சியில் இருந்து அடிக்கு வரும்போது கால் இறங்குவது 34 சென்டிமீட்டர், அதாவது கட்டை நீளத்தைப் போல் இரண்டு மடங்கு. இன்ஜினில் காலுக்குப் பதில் பிஸ்டன், முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்புக்குப் பதில் கனெக்டிங் ராடு, பெடல் கட்டைக்குப் பதில் கிராங்க். பிஸ்டன் மேலிருந்து கீழே வரும் தூரத்துக்கு ஸ்ட்ரோக் என்று பெயர். அதைத் தீர்மானிப்பது கிராங்க் மட்டும்தான். ராடை நீளமாகப் போட்டாலும் குட்டையாகப் போட்டாலும் ஸ்ட்ரோக் மாறாது. புதிதாக வருகிற பையன்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

பிஸ்டன் ஓடும் குழாய்தான் சிலிண்டர்; அதன் விட்டம் போர். அது பிளாக்குக்கு உரியது. போர், ஸ்ட்ரோக் இரண்டும் தெரிந்தால் சி.சி. வந்துவிடும். போரைச் சென்டிமீட்டரில் எடுத்து அதை அதனாலேயே பெருக்கி, 0.7854-ஆல் பெருக்கி, ஸ்ட்ரோக்கால் பெருக்கி, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். எஸ்டீமின் 1.3 லிட்டர் இன்ஜினுக்குப் போர் 74 மி.மீ., ஸ்ட்ரோக் 75.5 மி.மீ., நான்கு சிலிண்டர். கணக்குப் போட்டால் 1298 சி.சி. வரும்.

நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு ஜோடி பழைய புல்லட். 350 புல்லட்டுக்கு போர் 70, ஸ்ட்ரோக் 90, 346 சி.சி. 500 புல்லட்டுக்கு போர் 84, ஸ்ட்ரோக் அதே 90, 499 சி.சி. ஸ்ட்ரோக்கைத் தொடாமல் குழாயை மட்டும் அகலமாக்கியே 150 சி.சி.க்கு மேல் கூட்டியிருக்கிறார்கள். சி.சி. கூட்ட வழி இரண்டு: ஒன்று குழாயை அகலப்படுத்துவது, மற்றது கிராங்க்கை மாற்றுவது. இருக்கிற பிளாக்கின் சுவர் ஓரளவுக்கு மேல் குடைய இடம் கொடுக்காது. அதனால்தான் வேகக் கார் கட்டுபவர்களின் கண் கிராங்க் மேல் விழுகிறது.

அமெரிக்கக்காரர்கள் ஆடிய ஆட்டம்

இந்த மாற்று வேலையில் நீண்ட நாள் கை பழகியவர்கள் அமெரிக்கர்கள். அவர்களுக்கு அதற்கு வாய்த்த இன்ஜின், 1955-இல் வந்த செவர்லே சின்ன பிளாக் வி-8. வி-8 என்றால் எட்டு சிலிண்டர் V வடிவில் இரண்டு வரிசையாக நிற்பது. அந்த ஒரே குடும்பத்தில் ஏகப்பட்ட அளவுகள் வந்தன. அவர்கள் கொள்ளளவைக் கன அங்குலத்தில் சொல்வார்கள். 283, 327, 350, 400 என்பவையெல்லாம் அந்தக் கணக்குத்தான். உடம்பு ஏறத்தாழ ஒன்றாகவும் உள்ளளவுகள் வேறுவேறாகவும் இருந்ததால், அண்ணன் சட்டையைத் தம்பி போடுவது போல இதன் கிராங்க்கை அதில் மாட்டிப் பார்த்தார்கள்.

அதில் ரொம்பப் பேர் பெற்றது 383. 350 பிளாக்கின் போர் 101.6 மி.மீ., அதன் சொந்த ஸ்ட்ரோக் 88.4, மொத்தம் 5.7 லிட்டர். 400 இன்ஜினின் ஸ்ட்ரோக் 95.25. ஆகவே 350 பிளாக்கை முக்கால் மில்லிமீட்டர் குடைந்து, 400-இன் கிராங்க்கை உள்ளே வைத்தால் 6.27 லிட்டர். கன அங்குலத்தில் 383. வெளியிலிருந்து பார்த்தால் அதே பிளாக், அதே நீள அகலம். உள்ளே அரை லிட்டருக்கு மேல் கூடியிருக்கும்.

எதிர்த் திசையிலும் போனார்கள். இது எனக்கு இன்னும் பிடித்த கதை. அறுபதுகளில் அமெரிக்காவில் டிரான்ஸ்-ஆம் என்ற பந்தயத்தில் இன்ஜின் 5 லிட்டரைத் தாண்டக் கூடாது என்று விதி. 327 இன்ஜின் அதைவிடப் பெரியது, 283 ரொம்பச் சின்னது. செவர்லே என்ன செய்தது என்றால், 327-இன் 101.6 மி.மீ. போரையும் 283-இன் 76.2 மி.மீ. ஸ்ட்ரோக்கையும் சேர்த்தது. 4.94 லிட்டர், அதாவது 302. அதை 1967-இல் கமாரோ இசட்-28 காரில் போட்டது. அகலமான குழாய், குட்டையான ஓட்டம்; அதனால் உயர்ந்த வேகத்தில் சுற்றுவதற்கு ஏற்ற இன்ஜின். கிராங்க் மாற்றுவது சி.சி. கூட்டத்தான் என்று நினைப்பவருக்கு இந்த 302-ஐத்தான் நான் காட்டுவேன்.

பிளாக்குக்குள் அடைய வேண்டிய கணக்கு

எல்லாவற்றிலும் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். இந்த ஒன்று புரிந்தால் போதும், மற்றதைப் பட்டறையில் நின்று பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

கிராங்க் உட்காரும் இடத்தின் நடுக்கோட்டிலிருந்து பிளாக்கின் மேல்முகம் வரை, அதாவது சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ஹெட் உட்காரும் தட்டையான முகம் வரை, ஒரு உயரம் இருக்கிறது. அது வார்ப்பிலேயே வந்தது. மேல்முகத்தைக் கொஞ்சம் சீவலாம், கூட்ட முடியாது. அந்த உயரத்துக்குள் மூன்று நீளங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்க வேண்டும்: கிராங்க்கின் பாதி ஸ்ட்ரோக், அதன் மேல் கனெக்டிங் ராடின் நீளம், அதற்கும் மேல் பிஸ்டனையும் ராடையும் இணைக்கும் பின்னின் நடுவிலிருந்து பிஸ்டன் தலை வரையுள்ள உயரம். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இந்த மூன்றின் கூட்டுத்தொகை பிளாக் உயரத்துக்குச் சமமாகவோ, ஒரு மயிரிழை குறைவாகவோ இருக்க வேண்டும்.

350-க்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பிளாக் உயரம் 229.2 மி.மீ. பாதி ஸ்ட்ரோக் 44.2, ராடு 144.8, பிஸ்டன் உயரம் 39.6. கூட்டினால் 228.6. பிஸ்டன் தலை மேல்முகத்துக்கு 0.6 மி.மீ. கீழே நிற்கும். சரியாக இருக்கிறது.

இப்போது 400-இன் கிராங்க்கை வையுங்கள். பாதி ஸ்ட்ரோக் 47.6 ஆகிவிட்டது. ராடும் பிஸ்டனும் பழையதே என்றால் 47.6, 144.8, 39.6, கூட்டினால் 232. பிளாக்கோ 229.2 தான். பிஸ்டன் தலை 2.8 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஹெட்டை மாட்டி ஸ்டார்ட் அடித்தால், அடிப்பதற்கு முன்பே கையால் சுற்றும்போது, இடித்துவிடும். ஸ்ட்ரோக் கூடியது 6.85 மி.மீ., மேலே ஏறியது அதில் பாதி. மீதிப் பாதி கீழே இறங்கியிருக்கும். அந்தக் கீழ்ப்பாதிக்கும் வேலை இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன்.

மேலே நீட்டும் 2.8 மி.மீ.யையும், முன்பு இருந்த 0.6 இடைவெளியையும் எங்கிருந்து மீட்பது? வழி இரண்டு. ஒன்று, பின் துளை மேலே தள்ளி இருக்கும் பிஸ்டன். அதன் உயரம் 36.2 மி.மீ. என்றால் 47.6, 144.8, 36.2, மறுபடி 228.6. இரண்டாவது, ராடைக் குட்டையாக்குவது. 400 இன்ஜினைத் தொழிற்சாலையில் கட்டியவர்கள் இதைத்தான் செய்திருந்தார்கள். அவர்கள் போட்ட ராடு 141.4 மி.மீ. தான். 47.6, 141.4, 39.6, அதுவும் அதே 228.6-க்கு வந்து நிற்கிறது. இந்த இரண்டு வரிக் கணக்கைப் பழைய நோட்டு ஒன்றில் முதன்முதலாகப் போட்டுப் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இன்ஜின் என்பது இரும்பாகத் தெரிவதற்கு முன்னால் கூட்டல் கணக்காகத் தெரிந்தது அன்றுதான்.

இரண்டு வழியில் எது நல்லது? என்னைக் கேட்டால், நல்ல பிஸ்டன் கிடைக்கும் பட்சத்தில் நீளமான ராடு. ராடு குட்டையாக ஆக அது அதிகம் சாய்ந்து தள்ளும், பிஸ்டன் சிலிண்டர் சுவரில் அழுத்தித் தேயும். ராடு நீளத்தை ஸ்ட்ரோக்கால் வகுத்துப் பார்த்தால் 350-க்கு 1.64 வரும். 383-இல் நீள ராடு போட்டால் 1.52, குட்டை ராடு போட்டால் 1.48. இந்த எண் இறங்க இறங்க சுவர்த் தேய்மானம் கூடும். ஆனால் நீள ராடுக்கு இடம் கொடுக்கப் பின் துளையை மேலே தள்ளிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அது, சுவரில் எண்ணெயை வழிக்கும் ஆயில் ரிங் உட்காரும் பள்ளத்தை வெட்டும். அதற்கும் எல்லை உண்டு.

உட்காரும் இடம்

உயரக் கணக்கு அடைந்துவிட்டது என்று வையுங்கள். அடுத்து, கிராங்க் பிளாக்கில் உட்காருமா? கிராங்க்கில் பேரிங் தாங்கிச் சுற்றும் வழவழப்பான பகுதிகளை ஜர்னல் என்கிறோம். பிளாக்கில் உட்காருபவை மெயின் ஜர்னல்கள், ராடு பிடிப்பவை ராடு ஜர்னல்கள். 350-க்கு மெயின் ஜர்னல் விட்டம் 62.2 மி.மீ.; 400-க்கு 67.3. ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசம். 400-இன் கிராங்க் 350 பிளாக்குக்குள் அப்படியே போகாது. கிரைண்டிங்கில் கொடுத்து 62.2-க்கு இறக்கியே அன்றைக்கு 383 கட்டினார்கள். இன்றைக்கு அந்த அளவிலேயே புதுக் கிராங்க்குகள் விற்கிறார்கள். நேர்மாறாக, 350-இன் சின்னக் கிராங்க்கை 400 பிளாக்கில் போட்டு 377 என்று ஒன்றும் கட்டுவார்கள். அங்கே இடைவெளியை நிரப்பப் பேரிங்குக்கு வெளியே ஒரு வளையம் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஜர்னலைச் சின்னதாக்குவதில் ஒரு விலை இருக்கிறது. கிராங்க்கை அதன் நுனியிலிருந்து பார்த்தால் மெயின் ஜர்னல் வட்டமும் ராடு ஜர்னல் வட்டமும் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் படிந்திருக்கும். அந்தப் படிவு தடிமனாக இருக்கும் வரை கிராங்க்குக்கு முதுகெலும்பு பலம். இரண்டு விட்டங்களையும் கூட்டிப் பாதியாக்கி, பாதி ஸ்ட்ரோக்கைக் கழித்தால் அந்தத் தடிமன் கிடைக்கும். 350-இன் சொந்தக் கிராங்க்குக்கு 13.6 மி.மீ. 400-இன் சொந்தக் கிராங்க்குக்கு 12.7. அதையே 62.2-க்குத் தேய்த்துவிட்டால் 10.2 தான் மிஞ்சும். ஸ்ட்ரோக் கூடி, ஜர்னலும் மெலிந்தால் அடி இரண்டு பக்கமும் விழுகிறது. அளவோடு ஓட்டும் காருக்கு அது தாங்கும். டர்போ வைத்து மிதிக்கப் போகிறவர் அந்த அளவில் வார்ப்பு இரும்புக் கிராங்க்கை நம்பக் கூடாது, அடித்துச் செய்த எஃகுக் கிராங்க்தான் வாங்க வேண்டும்.

இங்கே எனக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பல வருஷத்துக்கு முன், ஒருவருடைய ஜீப் இன்ஜினுக்கு வேறு கிராங்க் ஒன்றைப் பொருத்த வெளியூர்க் கிரைண்டிங் கடை ஒன்றில் ஜர்னலை இறக்கக் கொடுத்தேன். விட்டம் கனகச்சிதமாக வந்திருந்தது. மைக்ரோமீட்டரில் அளந்து திருப்தியாக மாட்டினேன். ஜர்னல் முடிந்து பக்கத் தகடு தொடங்கும் மூலையை நான் பார்க்கவில்லை. அங்கே ஒரு சின்ன வளைவு இருக்க வேண்டும், கிண்ணத்தின் உள் ஓரம் போல. அந்தக் கடையில் அதைச் சதுர மூலையாகத் தீட்டிவிட்டிருந்தார்கள். நாலு மாதத்தில் கிராங்க் மூன்றாவது ஜர்னல் மூலையில் உடைந்தது. உடைந்த முகத்தைப் பார்த்தால், கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகள் போல, விரிசல் நாளுக்கு நாள் நகர்ந்த வரிகள் தெரிந்தன. அந்த மனிதரிடம் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நின்றேன். அதிலிருந்து விட்டத்துக்கு முன்னால் மூலையைத்தான் பார்க்கிறேன். விரல் நகத்தை வைத்து இழுத்தாலே தெரியும்.

பேரிங்குக்கும் ஜர்னலுக்கும் நடுவே எண்ணெய் நிற்கும் இடைவெளியும் உண்டு. ஜர்னல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பழைய வழக்கு, 62 மி.மீ. ஜர்னலுக்கு 0.06 மி.மீ. பக்கம். பிளாஸ்டிகேஜ் என்ற, அழுத்தினால் நசுங்கும் பிளாஸ்டிக் நூலை வைத்து, மூடியை முறுக்கு அளவோடு இறுக்கி, திறந்து, நசுங்கிய அகலத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். கிராங்க் முன்னும் பின்னும் நகரும் ஆட்டம் 0.1 முதல் 0.25 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கிளட்ச் மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்னால் தள்ளப்படுவதால் இதை அலட்சியம் செய்ய முடியாது.

கீழே இடிக்கும் இடங்கள்

முன்பு பாக்கி வைத்த கீழ்ப்பாதிக்கு வருகிறேன். ஸ்ட்ரோக் கூடினால் ராடின் அடிப்பாகம் பெரிய வட்டம் அடிக்கும். அது பிளாக்கின் உள் ஓரத்தை, சிலிண்டரின் கீழ் விளிம்பை, அடியில் எண்ணெய் தங்கும் ஆயில் சம்ப் உட்காரும் விளிம்பைத் தொடலாம். 383-இல் ராடு போல்ட்டின் தலை, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாப்ட்டின் மேட்டையே தொட வாய்ப்புண்டு. பிஸ்டன் அடிக்கு வரும்போது அதன் பாவாடை எனும் கீழ்ச்சுவர் கிராங்க்கின் எதிர்எடையை உரசலாம்.

இதற்குக் கணக்கு உதவாது, கைதான் உதவும். ஒரே ஒரு சிலிண்டருக்கு ராடும் பிஸ்டனும் ரிங் இல்லாமல் மாட்டி, கிராங்க்கை மெதுவாகக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். பிறகு அடுத்த சிலிண்டர். சுற்றும் போது எங்கேயும் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் இடம் இருக்க வேண்டும். நின்றிருக்கும் இன்ஜினில் தொடாதது, சூடேறி நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றில் ராடு நீண்டு நெளியும்போது தொடும். இடம் போதாவிட்டால் அந்த இடத்தைச் சின்னக் கிரைண்டரால் தேய்த்து எடுப்பார்கள். தேய்க்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும் அறை இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. ஓட்டை விழுந்தால் பிளாக் போனது போனதுதான்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ராமநாதபுரம் மாவட்டத்தில் நல்ல தண்ணீர் கிடைப்பது அரிது. நிறையப் பேர் ரேடியேட்டரில் போர்வெல் உப்புத் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். அப்படி ஓடிய பிளாக்கின் தண்ணீர் அறை உள்ளுக்குள் துருவேறி, சுவர் கண்ணுக்குத் தெரியாமல் மெலிந்திருக்கும். அந்த பிளாக்கைக் குடைந்து பெரிதாக்கினால் சிலிண்டர் சூட்டில் உப்பும், விரியும். பழைய பிளாக் வாங்கினால் தண்ணீர் மூடியைக் கழற்றி உள்ளே விளக்கடித்துப் பாருங்கள். முடிந்தால் அல்ட்ராசோனிக் கருவியால் சுவர்த் தடிமனை அளந்த பிறகே குடையக் கொடுங்கள். பிளாக் நல்லதாக இல்லாவிட்டால் எத்தனை லட்ச ரூபாய்க் கிராங்க்கும் வீண்.

சமன்

கிராங்க்கில் பிஸ்டனும் ராடும் தொங்குகிற பக்கத்துக்கு எதிரே எடை வார்த்திருப்பார்கள். வி-8 கிராங்க்கில் இந்த எதிர்எடை பிஸ்டன், ராடு, பின், ரிங் எடைக்கு ஏற்ப இருக்க வேண்டும். பிஸ்டனை மாற்றினால் சமனும் மாறும். 400 இன்ஜினில் எதிர்எடை கிராங்க்குக்குள்ளேயே முழுதாக அடங்காமல், மிச்சத்தை முன்பக்கத்தில் அதிர்வை அடக்கும் டாம்பரிலும் பின்பக்கத்துக் கனச் சக்கரமான ஃபிளைவீலிலும் ஏற்றியிருந்தார்கள். அந்தக் காலத்து 350-க்கு அப்படி இல்லை. 400-இன் கிராங்க்கை எடுத்துக்கொண்டு 350-இன் டாம்பரையும் ஃபிளைவீலையும் மாட்டினால், பாதிச் சமன் வேறு வீட்டில் தங்கிவிட்டது என்று அர்த்தம். இன்ஜின் காய்ச்சல் வந்தவன் போல நடுங்கும். கிராங்க், டாம்பர், ஃபிளைவீல், ஒரு ராடு, ஒரு பிஸ்டன் ஆகியவற்றை ஒன்றாகவே சமன் பார்க்கும் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். நான்கு சிலிண்டர் நேர் இன்ஜினில் இந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் நான்கு பிஸ்டனும் ஒரே எடையாக, நான்கு ராடும் ஒரே எடையாக இருப்பதைத் தராசில் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

சின்னச் சின்னப் பொருத்தங்கள் இன்னும் உண்டு. பின்பக்க ஆயில் சீல் ஒன்று. செவர்லே சின்ன பிளாக்கில் 1986-இல் இரண்டு துண்டு சீலிலிருந்து ஒரு துண்டு சீலுக்கு மாறினார்கள். கிராங்க்கின் பின்முகமும் ஃபிளைவீல் போல்ட் வட்டமும் அதோடு மாறிவிட்டன. புது இன்ஜின்களில் கிராங்க்கிலேயே பல் வளையம் ஒன்று இருக்கும், சென்சார் அதைப் பார்த்துத்தான் பிஸ்டன் எங்கே என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. செவர்லேயின் எல்.எஸ். இன்ஜின்களில் முதலில் 24 பல், பிறகு 58 பல் என்று வந்தது. பல் எண்ணிக்கை பொருந்தாத கிராங்க்கைப் போட்டால் எல்லா அளவும் சரியாக இருந்தும் இன்ஜின் பற்றாது.

இழுவையா, சுற்றா

இங்கே நம் கடல் உதவிக்கு வருகிறது. வலையைப் போட்டு இழுக்கும் விசைப்படகுக்குக் குறைந்த சுற்றில் மூச்சுப்பிடித்து இழுக்கும் டீசல் வேண்டும். அங்கே நீள ஸ்ட்ரோக் கை கொடுக்கும். பந்தயக் காருக்கு வேண்டியது பெரும்பாலும் சுற்று. ஸ்ட்ரோக் நீள நீள, ஒரே சுற்றில் பிஸ்டன் அதிக தூரம் ஓட வேண்டும். அதன் சராசரி வேகத்தை அறிய, ஸ்ட்ரோக்கை மீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்கி, நிமிடச் சுற்றால் பெருக்கி, 60-ஆல் வகுக்க வேண்டும். 350 இன்ஜின் 6000 சுற்றில் வினாடிக்கு 17.7 மீட்டர். 383 அதே 6000-இல் 19 மீட்டர். குட்டை ஸ்ட்ரோக் 302-ஓ 7000 சுற்றில்தான் 17.8-ஐத் தொடுகிறது. பிஸ்டன் வேகம் கூடக் கூட ரிங்கும் ராடு போல்ட்டும் படும் பாடு கூடும். 383 கட்டியவர், 302-ஐப் போல 7000-க்கு முறுக்கினால் பிஸ்டன் 22 மீட்டரைத் தாண்டும். அதற்கேற்ற ராடும் போல்ட்டும் உள்ளே இருக்க வேண்டும்.

அழுத்த விகிதத்தையும், அதாவது உள்ளே வந்த காற்று எத்தனை மடங்கு நசுங்குகிறது என்பதையும், கூடவே பார்க்க வேண்டும். சிலிண்டர் பெரிதாகி, மேலே எரியும் அறை பழைய அளவிலேயே இருந்தால் விகிதம் தானாக ஏறும். 350-இல் 9 ஆக இருந்தது, அதே அறையோடு 383 ஆனால் 9.7-ஐத் தாண்டும். நம் பங்க் பெட்ரோலில் இன்ஜின் நேரம் தப்பிப் பற்றித் தட்டத் தொடங்கலாம். பிஸ்டன் தலையில் குழிவு வைத்து வாங்குவது இதற்காகத்தான்.

அப்புறம், சட்டம். வண்டியின் ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. சி.சி.யும் அந்த விவரத்தில் ஒன்று. சாலையில் ஓட்டும் வண்டியில் இதைச் செய்வதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். டிராக்குக்கு மட்டும் ஒரு இன்ஜின் கட்டித் தனியாக வைத்துக்கொள்வது நிம்மதி.

கீழக்கரைத் தம்பிக்கு வருகிறேன். அவன் கணக்குப் போடுவதற்கு முன்பே, நாலு மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் கூடுதலாக உள்ள ஒரு கிராங்க்கை மதுரையில் வாங்கி வந்துவிட்டான். அவனையே அளக்கச் சொன்னேன். மெயின் ஜர்னல், ராடு ஜர்னல், மூலை வளைவு, பேரிங் அகலம், பிளாக் உயரம், ராடு நீளம், பிஸ்டன் உயரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதினான். ஜர்னல்கள் பொருந்தின. உயரக் கணக்கு அடையவில்லை. பிஸ்டன் பழைய இடத்தைவிட 2 மி.மீ. மேலே ஏறுகிறது. அதற்கு உயரம் குறைந்த பிஸ்டன் தனியாகச் செய்ய வேண்டும், நாலு சிலிண்டருக்கும். பிறகு சி.சி. கணக்கையும் போடச் சொன்னேன். 74-க்கு 79.5, மொத்தம் 1367. கூடுவது 69 சி.சி., நூற்றுக்கு ஐந்துதான்.

"அம்புட்டுத்தானாண்ணே?" என்று நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொன்னேன். பெரிய வி-8-இல் அரை லிட்டர் கொடுக்கும் வேலை, சின்ன நான்கு சிலிண்டரில் 69 சி.சி.தான் கொடுக்கிறது. அதே காசை ஹெட்டில் போட்டு, காற்று போய்வரும் போர்ட்டுகளைச் சீர்செய்து, வால்வு இருக்கைகளை நன்றாகத் தீட்டி, கேமை மாற்றினால் அவன் டிராக்கில் அதைவிட நன்றாக உணர்வான். கிராங்க் இரண்டாம் கட்டமாக இருக்கட்டும். அவன் ஒரு இரவு யோசித்துவிட்டு மறுநாள் ஹெட்டைக் கழற்றிக்கொண்டு வந்தான்.

அந்தக் கிராங்க் இன்னும் என் பட்டறையில்தான் இருக்கிறது. தென்கடல் காற்று திறந்த ஜர்னலை ஒரே வாரத்தில் புள்ளி புள்ளியாகத் தின்றுவிடும். அதனால் முழுக்கக் கிரீஸ் தடவி, பாலித்தீன் சுற்றி, படுக்கப் போட்டால் வளையும் என்று ஃபிளைவீல் முகத்தில் ஒரு கொக்கி மாட்டி, உத்தரத்தில் நேராகத் தொங்கவிட்டிருக்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை அவன் வந்து பாலித்தீனைப் பிரித்துப் பார்த்துவிட்டு, திரும்பக் கிரீஸ் தடவி, சுற்றிவைத்துவிட்டுப் போகிறான்.